என் ஓர்ப்படி எடுத்த பதினோரு போட்டோ

வயித்தெரிச்சலைப் பத்தி யாராவது எழுதணும்னா நான்தான் எழுதணும். அதுல எனக்கு சர்வீஸ் ஜாஸ்தி. எங்க வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி, அதாவது என் ஓர்ப்படி, எங்க வீட்டுக்கு வாழ வந்த நாள்ல இருந்து எனக்கு அது இருக்கு. அவ படிச்சவ, வேலூர்ல ஒரு ஸ்கூல்ல டீச்சர். நான் ஆம்பூர் ஷூ கம்பெனியில தையல் மெஷின்ல உட்கார்ந்து, பதினஞ்சு வருஷத்துல குவாலிட்டி செக்கிங் டேபிளுக்கு வந்தவ. லைன்ல இருக்குற நாப்பது பேரும் என் கண்ணுக்குப் பயப்படுவாங்க. ஆனா வீட்டுக்கு யாராவது சொந்தக்காரங்க வந்தா எங்க மாமியார், "எங்க சின்ன மருமக டீச்சரு"ன்னுதான் பேச்சையே ஆரம்பிப்பாங்க. பெரிய மருமக எங்கன்னு கேட்டாதான் நான் சமையல்கட்டுல இருந்து தலையை நீட்டணும்.

பள்ளிகொண்டாவுல ஒரே வீடுதான், கீழ நாங்க, மாடியில அவங்க. எங்க வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டையில தோல் பதனிடுற ஷாப்புல ஷிப்டு வேலை. கொழுந்தனாருக்கு பெங்களூர்ல உத்தியோகம், சனிக்கிழமை வந்தா திங்கக்கிழமை போய்டுவார். மாமியார் முக்காவாசி நாள் நாத்தனார் வீட்டுல. அதனால வாரம் முழுக்க வீட்டுல நானும் அவளும்தான் மூஞ்சியைப் பார்த்துக்கணும்.

ஒரு நாள் அவ படியிறங்கி வந்து, "அக்கா, கார் எடுக்கலாம்னு இருக்கேன், பஸ்ல நின்னுட்டே போய் இடுப்பு வலி தாங்கல"ன்னா. நல்ல விஷயம்னு வாயால சொன்னேன். வயிறு பத்திக்கினு எரிஞ்சது. அன்னிக்கு சோறு இறங்கல. மறுநாளே எங்க வீட்டுக்காரர்கிட்ட எனக்கும் கார் வேணும்னேன். "உனக்கு எதுக்குடி? கம்பெனி பஸ்சு தெருமுனையில வந்து நிக்குது"ன்னார். நிக்கட்டுமே! அவ இடுப்புக்கு மட்டும்தான் வலிக்குமா?

அதே கம்பெனி, அதே மாடல். ஆனா ஒரு படி மேல போகணும் இல்ல? அவ எடுத்தது சாதாரண கியர் வண்டி. நான் ஆட்டோமேட்டிக் எடுத்தேன், கிளச்சே கிடையாது, காலை வெச்சா போவும். ஷோரூம்ல ரெண்டு வண்டியையும் ஒரே நாள்ல குடுத்தாங்க. அவளுது வெள்ளை, என்னுது சிவப்பு. "ஐயோ அக்கா, உங்களுது ஆட்டோமேட்டிக்கா! சூப்பர்க்கா"ன்னு கையைப் பிடிச்சிக்கினா. அன்னிக்கு ஒரு நாள் நான் ராணி மாதிரி இருந்தேன். கம்பெனிக்கு அந்த வண்டியில போய் இறங்கினப்போ செக்யூரிட்டிகூட எழுந்து நின்னான்.

ரெண்டு மாசம்தான். அப்புறம் ஒரு சாயங்காலம் ஆம்பூர்ல இருந்து வர்றேன், டோல்கேட்டுல வரிசை. மெதுவா நகர்ந்துக்கினு இருக்கு. திடீர்னு மீட்டர்ல இருந்த கியர் எழுத்து மறைஞ்சு மினுக்கு மினுக்குன்னு அடிக்குது. மிதிக்கிறேன், இன்ஜின் கத்துது, வண்டி ஒரு அடி நகர மாட்டேங்குது. பின்னாடி லாரிக்காரன் ஹாரன்ல இருந்து கையை எடுக்கவே இல்ல. ஒருத்தன் இறங்கி வந்து, "இன்னா மேடம், ஓட்டத் தெரியலன்னா ஆட்டோவுல போறதுதான"ன்னான். நாலு பேரா சேர்ந்து ஓரமாத் தள்ளிவிட்டாங்க.

வீட்டுக்காரருக்குப் போன் பண்ணேன். ஷிப்டுல போனை லாக்கர்ல வெச்சிடுவாங்க, எடுக்கல. கொழுந்தனார் பெங்களூர்ல. வேற யாரு இருக்காங்க? பல்லைக் கடிச்சிக்கினு அவளுக்குப் போன் பண்ணேன். ஸ்கூல் முடிஞ்சு வீட்டுக்கு வந்து அப்பதான் டீ போட்டாளாம். அரைமணியில வந்து நின்னா. அந்த வெள்ளை வண்டி சர்ருனு வந்து என் வண்டிக்கு முன்னாடி ஓரம் கட்டுனதைப் பார்த்ததும் எனக்கு அழுகையா வந்தது. நன்றியில இல்ல.

சர்வீஸ் சென்டர்காரங்க வந்து வண்டியை இழுத்துக்கினு போனாங்க. ரெண்டு நாள் கழிச்சுப் போனா, லேப்டாப்பை மாட்டி ஏதோ பண்ணிட்டு, "சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணிட்டோம் மேடம், இனிமே வராது"ன்னாங்க. அடுத்த மாசம் வந்தது. மாதனூர்கிட்ட ஒரு வாட்டி, கம்பெனி வாசல்லயே ஒரு வாட்டி, திரும்பவும் டோல்கேட்டுல. மெதுவா ஊர்ந்து போனா கியர் கழண்டுக்கும். ஒவ்வொரு வாட்டியும் அதே லேப்டாப்பு, அதே "இனிமே வராது மேடம்".

இங்கதான் நான் ரெண்டு தப்பு பண்ணேன். ரெண்டும் என் புத்தியில வந்த தப்பு.

மொதல் தப்பு. சர்வீஸ்ல வண்டியை விடும்போது ஒரு ஜாப் கார்டு எழுதுவாங்க. இன்னா கம்ப்ளைன்ட்னு அந்தப் பையன் கேட்டா, "ஜெனரல் செக்கப்னு போடுப்பா, கியர் விஷயத்தை வாயால சொல்றேன்"னு சொல்லிடுவேன். ஏன்னா அந்தப் பேப்பர் அவ கண்ணுல பட்டாப் போச்சு. என் ஓர்ப்படி இங்கிலீஷை ஒரு பார்வையில படிச்சிடுவா. நான் அவகிட்ட பெட்ரோல் சரியில்ல, பேட்டரி வீக்குன்னு கதை விட்டுக்கினு இருந்தேன். ஆட்டோமேட்டிக்னு பீத்திக்கினு வாங்குனவளுக்கு கியரே ஓட்டைன்னு அவளுக்குத் தெரியலாமா?

ரெண்டாவது தப்பு எங்க ஆம்பூர்க்காரங்க மட்டும்தான் பண்ணுவாங்க. எங்க லைன்ல ஒரு ஷூவுல குறை இருந்தா சிவப்புக் கார்டு கட்டி திருப்பி அனுப்புவோம். அதை சரி பண்ணி எடுத்துக்கினு வந்து, நான் பார்த்து பாஸ் பண்ணா, தைச்சவங்க கண்ணு முன்னாடியே அந்தக் கார்டைக் கிழிச்சிப் போட்டுடணும். பாஸான பீஸ் மேல பழைய கார்டு தொங்கக்கூடாது. தொங்குனா பேக்கிங்ல இருந்து திரும்பி வரும், தைச்சவங்களுக்கும் மனசு கஷ்டம். வருஷக்கணக்கா என் கை கிழிச்சிப் பழகின கை. சர்வீஸ்ல இருந்து வண்டி ஓடிக்கினு வெளிய வந்தாப்போதும், கேட்டு தாண்டுறதுக்குள்ள ஜாப் கார்டைக் கிழிச்சு ஜன்னல் வழியா விட்டுடுவேன். ஒண்ணு விடாம எல்லாத்தையும் கிழிச்சேன்.

அவ இன்னா பண்ணா தெரியுமா? என்னை ஏத்திக்கினு போக வந்தா, மொதல்ல இறங்கி ஒரு போட்டோ எடுப்பா. நானும் செத்துப்போன என் வண்டியும். அதை சொந்தக்காரங்க எல்லாரும் இருக்குற வாட்ஸ்அப் குரூப்புல போட்டு, "அக்கா வண்டி மறுபடி நின்னுடுச்சு, யாருக்காவது நல்ல மெக்கானிக் தெரியுமா"ன்னு எழுதுவா. எங்க நாத்தனார் உடனே அழுவுற பொம்மை போடும். குடியாத்தத்துல இருக்குற சித்தப்பா, "எலுமிச்சம்பழம் வெச்சீங்களா"ன்னு கேப்பார். மானம் கப்பலேறிப்போச்சு.

நாலாவதோ அஞ்சாவதோ போட்டோ வந்தப்போ மாடிக்குப் போய் கத்துனேன். "என்னைக் கேவலப்படுத்தணும்னே பண்றியா? உன் வண்டி ஓடுது, என் வண்டி ஓடலன்னு ஊருக்கெல்லாம் தண்டோரா போடணுமா? எல்லாத்தையும் இப்பவே அழி"ன்னேன். அவ முகம் செத்துப்போச்சு. "சாரிக்கா, உதவி கிடைக்கும்னுதான் போட்டேன்"னு சொல்லிட்டு என் கண்ணு முன்னாடியே குரூப்புல இருந்து அழிச்சா. அதுக்கப்புறம் குரூப்புல போடல. ஆனா போட்டோ எடுக்குறதை நிறுத்தல. ஏத்திக்கினு போறவகிட்ட எவ்ளோதான் சண்டை போடுறது?

அவ வண்டியில உட்கார்ந்துக்கினு வீட்டுக்கு வர்ற அரைமணி நேரம் இருக்கே, அது எனக்கு நரகம். அவ பாட்டுக்குப் பேசிக்கினே வருவா. ஸ்கூல் பசங்க பண்ண கூத்து, அவங்க அம்மாவோட முட்டிவலி, ஹெட்மிஸ்ட்ரஸ் புடவை. நான் ம்ம், ம்ம்னு சொல்லிக்கினு கியர் போடுற அவ கையையே பார்ப்பேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வெண்ணெயில கத்தி மாதிரி விழும். எரிச்சல்ல எனக்குக் காது அடைச்சிக்கும்.

இப்படியே பதினோரு வாட்டி. வாரண்டி மூணு வருஷம், அதுல நாலு மாசம்தான் பாக்கி. அந்த சமயத்துல எங்க கம்பெனிக்கு ஒரு லோடு திரும்பி வந்தது. ஒரே இடத்துல தையல் விடுதுன்னு ரெண்டு வாட்டி சரி பண்ணி அனுப்பிச்ச மால். எங்க மேனேஜர் மீட்டிங்ல சொன்னார்: "ஒரு வாட்டி குறை வந்தா ரிப்பேர் பண்ணிக் குடுக்கலாம். அதே குறை திரும்பத் திரும்ப வந்தா பையர் மாத்திக் குடுன்னுதான் கேப்பான். குடுத்துதான் ஆவணும்." எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்தது. அடிப்பாவி, நானும் காசு குடுத்து வாங்குன பையர்தானே! வெளிநாட்டுக்காரன் செருப்புக்கு கேக்குறதை நான் காருக்கு கேக்கக்கூடாதா?

ஷோரூம்ல போய்க் கேட்டேன். "வாரண்டின்னா ரிப்பேர்தான் மேடம். வண்டி மாத்துறதுன்னு பேச்சே கிடையாது"ன்னு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புலதான் எனக்கு வேகம் வந்தது. லீவு போட்டுட்டு வேலூர்ல நுகர்வோர் ஆணையத்துக்கு நேராப் போனேன். அங்க இருந்த கிளார்க் அம்மா பொறுமையா கேட்டுட்டு சொன்னாங்க: "ரிப்பேர் பண்ணித் தர்றது வாரண்டிம்மா. எத்தனை வாட்டி பண்ணாலும் அதே குறை வருதுன்னா அந்த வண்டியே குறைபாடான வண்டின்னு நீங்க மனு போடலாம். வேற வண்டி குடுன்னோ, பணத்தைத் திருப்பிக் குடுன்னோ கேக்கலாம். வித்தவங்களையும் தயாரிச்சவங்களையும் ரெண்டு பேரையும் சேர்த்துப் போடுங்க. வக்கீல் கண்டிப்பா வேணும்னு இல்ல. ஆனா ஒவ்வொரு வாட்டியும் இதே குறைக்குத்தான் விட்டீங்கன்னு காட்டணும். ஜாப் கார்டு எல்லாம் பத்திரமா இருக்குதுல்ல?"

கிழிச்சிட்டேன்னு சொன்னதும் அந்த அம்மா பேனாவைக் கீழ வெச்சிட்டாங்க.

ஷோரூமுக்கு ரிஜிஸ்டர் தபால்ல நோட்டீஸ் அனுப்பிச்சு, சர்வீஸ் விவரம் எல்லாம் கேட்டேன். பதில் வந்தது. எங்க ரெக்கார்டுபடி இந்த வாடிக்கையாளர் கியரைப் பத்தி ஒரு வாட்டிகூட புகார் தந்ததில்ல, எல்லாமே ஜெனரல் செக்கப், எல்லாத்துலயும் திருப்தின்னு கையெழுத்துப் போட்டிருக்காங்கன்னு அழகா டைப் அடிச்சு அனுப்பியிருந்தாங்க. பொய் இல்லையே. நான் சொல்லித்தானே எழுதினாங்க. அந்தப் பேப்பரைக் கையில வெச்சிக்கினு என்னையே நான் நாலு திட்டு திட்டுனேன்.

எங்க வீட்டுக்காரர்தான் சொன்னார், "அந்தப் பொண்ணு எடுத்த போட்டோ இருக்குதா கேளேன்"னு. அவகிட்டயா? செத்தாலும் மாட்டேன்னேன். மூணு நாள் மாட்டேன்னேன். வாரண்டி நாள் எண்ணிப் பார்த்துட்டு நாலாவது நாள் மாடி ஏறினேன். அவ பரீட்சைப் பேப்பர் திருத்திக்கினு இருந்தா. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம ஃபேனைப் பார்த்து, "அந்தப் போட்டோ எல்லாம் அழிச்சிட்டல்ல?"ன்னேன்.

"குரூப்ல அழிச்சிட்டேன்க்கா. போன்ல இருக்கு"ன்னு பயந்துக்கினே எடுத்துக் காட்டுனா. "அக்கா வண்டி"ன்னு தனியா ஒரு ஃபோல்டர். மொதல் நாள்ல இருந்து பதினோரு போட்டோ, ஒவ்வொண்ணுலயும் தேதி, நேரம், இடம். மீட்டர்ல கியர் எழுத்து மினுக்குறதைக்கூட தனியா வீடியோ எடுத்து வெச்சிருக்கா. "எனக்கு இது பெட்ரோல் பிரச்சனையாத் தெரியலக்கா. என்னிக்காவது கேஸ் கீஸ் போட்டீங்கன்னா உதவுமேன்னு எடுத்தேன். நீங்க கோவப்படுவீங்கன்னு சொல்லல."

கட்டிப் பிடிச்சிக்கினு அழுதிருக்கணும். நல்லவளா இருந்தா அழுதிருப்பேன். எனக்குத் தோணுனது இதுதான்: இந்த மூளை ஏன் எனக்கு இல்லாத போச்சு?

போனு அவளுது, அதனால அவதான் சான்று குடுத்து கையெழுத்துப் போடணும்னு ஆணையத்துல சொன்னாங்க. பிரமாணப் பத்திரமும் அவ பேர்ல தாக்கல் ஆச்சு. என் கேஸ் கட்டைப் பிரிச்சா பாதி அவ பேருதான். அவ போட்டோ தேதியையும் ஷோரூம் ரெக்கார்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, வண்டி நின்ன ரெண்டு நாளுக்குள்ள ஒரு ஜெனரல் செக்கப்பு, பதினோரு வாட்டியும் அப்படியே. ஆணையம் வண்டியை ஒரு நிபுணர்கிட்ட அனுப்பிச்சது. கியர் மாத்துற பாகத்துலயே தயாரிப்புக் குறைன்னு அவர் அறிக்கை குடுத்தார். ஆனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் விடல. கடைசி வாதத்தப்போ போட்டோக்களைத் தூக்கிக் காட்டுனார்.

"மேடம், இது எல்லாம் செட்டப். வண்டி பழுதாகி நடுரோட்டுல நிக்கிறவங்க எங்க பார்ப்பாங்க? பழுதான வண்டியைப் பார்ப்பாங்க. இந்தப் பதினோரு போட்டோல ஒண்ணுலயாவது மனுதாரர் தன்னோட வண்டியைப் பார்க்கிறாங்களா பாருங்க. எல்லாத்துலயும் வேற எங்கயோ ஒரே பக்கமா பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. யாரோ நிக்க வெச்சு எடுத்திருக்காங்க."

ஆணையத் தலைவர் மேடம் கண்ணாடியைப் போட்டுக்கினு ஒவ்வொண்ணா பார்த்தாங்க. நானும் எட்டிப் பார்த்தேன். ஐயோ, நிஜம்தான். பதினோரு போட்டோலயும் என் கண்ணு ஒரே இடத்துல இருக்கு. இத்தனை நாள் என் கேஸ் கட்டுல இருந்தும் நான் வண்டியை மட்டும்தான் பார்த்தேன், என் மூஞ்சியைப் பார்க்கல.

"எங்க பார்த்துட்டு இருந்தீங்கம்மா?"ன்னு தலைவர் மேடம் கேட்டாங்க.

எனக்குப் பின்னாடி பெஞ்சுல அவ உட்கார்ந்திருந்தா. லீவு போட்டுட்டு எனக்காக வந்திருந்தா. எதையாவது சொல்லி சமாளிக்கலாம், சமாளிச்சா செட்டப்னு ஆயிடும். மூணு வருஷம் நான் மூடி வெச்சிருந்ததை அத்தனை பேர் முன்னாடி திறக்கணும், இல்லன்னா வண்டி போச்சு.

"அவங்க வண்டியை மேடம்"னேன். "என்னைக் கூட்டிக்கினு போக வந்த எங்க ஓர்ப்படியோட வண்டி முன்னாடி நிக்கும். அதைத்தான் பார்த்தேன். ஒரே நாள்ல எடுத்த வண்டிங்க. அது ஓடுது, என்னுது நின்னுபோச்சு. பொறாமைங்க மேடம். வேற ஒண்ணுமில்ல."

ஹால்ல யாரோ சிரிச்சாங்க. மேடம் சிரிக்கல. ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துட்டு ஏதோ எழுதிக்கிட்டாங்க. வக்கீல் உட்கார்ந்துட்டார். நான் திரும்பிப் பார்க்கல. என் கழுத்துக்குப் பின்னாடி மட்டும் சூடா இருந்தது. வீட்டுக்கு அவ வண்டியிலதான் வந்தோம். எப்பவும் பேசிக்கினே வர்றவ அன்னிக்கு ஒரு வார்த்தை பேசல.

தீர்ப்பு எங்க பக்கம். அதே மாடல்ல புது வண்டி குடுக்கணும், இல்லன்னா பணத்தைத் திருப்பிக் குடுக்கணும்னு. எங்க வீட்டுக்காரர் பணத்தை வாங்கிக்கோன்னு தலையால அடிச்சிக்கினார். நான் வண்டிதான் வேணும்னேன். ஏன்னு அவருக்குச் சொல்லல, உங்களுக்குச் சொல்றேன். அவ வண்டி பழசாயிடுச்சு, பம்பர்ல கீறல், சீட்டுல கறை. என்னுது புத்தம்புதுசா வந்து நிக்கும். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவ என் வண்டியைப் பார்த்து வயிறு எரியணும். கேஸ் போட்டதே அதுக்குத்தான்னு வெச்சிக்கோங்க.

வண்டி வந்தது. காலையில வாசல்ல நிறுத்திட்டு அவ இறங்கி வர்றதுக்காக காத்துக்கினு நின்னேன். ஸ்கூலுக்குக் கிளம்பி வந்தா. வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்தா, கதவைத் திறந்து உள்ள பார்த்தா. நான் அவ மூஞ்சியையே பார்த்தேன், லைட்டுக்குக் கீழ தோலைப் பார்க்குற மாதிரி. சந்தோஷம் இருந்தது. வேற ஏதோ ஒண்ணும் இருந்தது. வயித்தெரிச்சல் வந்துடுச்சு, அவ மாட்டிக்கினான்னு நினைச்சேன்.

"நல்லா இருக்குக்கா"ன்னா. கதவை மெதுவா சாத்துனா. அப்புறம் தரையைப் பார்த்துக்கிட்டே, "இனிமே எனக்குப் போன் பண்ண மாட்டீங்கல்ல?"ன்னா.

"எதுக்குப் போன் பண்ணணும்?"

"இல்லக்கா... அவர் பெங்களூர்ல. நான் மேல தனியாத்தான இருக்கேன். வண்டி நின்னாதான் நீங்க என்னைக் கூப்பிடுவீங்க. அந்த அரைமணி நேரம் உங்ககூட பேசிட்டு வருவேன், அதுதான்."

சொல்லிட்டு அவ வண்டியை எடுத்துக்கினு போய்ட்டா. நான் சாவியைப் பிடிச்சிக்கினு அங்கயே நின்னேன். பதினோரு வாட்டி அவ பக்கத்துல உட்கார்ந்து வந்திருக்கேன். நீ எப்படிம்மா இருக்கன்னு ஒரு வாட்டிகூட நான் அவளைக் கேட்டதில்ல.